முன் பெட்டி

தட்டின் மேல்வரிசையில் பளபளவென்று அடுக்கியிருந்த இரும்பு வளையங்களைக் கோதண்டம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தட்டின் அடியில் கையை விட்டுத் துழாவினான். கடைசி வரிசையிலிருந்து மூன்று வளையங்களை உருவி எடுத்து, அளவு பார்க்கும் கேஜில் ஒவ்வொன்றாக நுழைத்தான். மூன்றாவது வளையம் பாதியில் நின்று முரண்டு பிடித்தது. சட்டைப் பையிலிருந்த சிவப்புச் சாக்குக்கட்டியை எடுத்து, தட்டின் குறுக்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"எடுத்துக்கினு போ முனிம்மா. மொத்தத் தட்டும் ரிஜெக்ட்."

முனியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வளையங்களின் பிசிறைத் தேய்த்து எடுத்து, தட்டில் அடுக்கி, தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டரான கோதண்டத்தின் மேஜைக்குக் கொண்டு வருவது அவள் வேலை. பத்து வருஷமாக அதே வேலை. பத்து வருஷமாகக் கான்ட்ராக்ட்.

"இன்னா இஸ்பெட்டரே, மேல எவ்ளோ நல்ல பீஸா பாத்துப் பாத்து அடுக்கிக் கீறேன். அத்த ஒரு பார்வ பாத்தா கொறஞ்சா பூடுவ?"

"மேல நல்லதத்தான் வெப்பேன்னு தெரியும். அதனாலதான் அடியில கைய வுடறேன்."

பக்கத்து மெஷினில் நின்ற தமிழ்வாணன் சிரித்தான். "அக்கா, எங்கண்ணன் கல்யாணத்துக்குப் போனாக்கூட சோத்த அடியிலேர்ந்து கெளறிப் பாத்துத்தான் எலையில போட்டுக்குவாரு. அவர்கிட்டப் போயி மேலாப்பு வேல காட்டிறியே!"

வளையங்களை அடித்தெடுக்கும் அந்தப் பிரஸ் ஷாப்பே சிரித்தது. முனியம்மாளும் சிரித்துக்கொண்டேதான் தட்டைத் தூக்கிப்போனாள். மண்ணூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருந்த அந்தத் தொழிற்சாலையில், கோதண்டம் பாஸ் என்றால் பாஸ். சிவப்புக் குறி போட்டால் முதலாளியே வந்தாலும் அழிக்க முடியாது. பதினாறு வருஷத்தில் ஒரு டீகூட அவன் யாரிடமும் ஓசியில் குடித்ததில்லை. அந்தப் பெயர்தான் அவனுடைய சொத்து.

அந்தப் பெயரை நம்பித்தான் அந்த வருஷம், 1991-இல், ஒரு காரியத்தை அவன் தலையில் கட்டினார்கள்.

வழக்கமாக ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகும். சாமி கும்பிட்டு, புளிச்சோறு தின்று, சாயங்காலம் திரும்புவார்கள். அதுவும் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான். இந்த வருஷம் யூனியன் விடாப்பிடியாகக் கேட்டு, குடும்பத்தோடு ஒரு பொழுதுபோக்குப் பார்க்குக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. கான்ட்ராக்ட் ஆட்களும் வரலாம். முனியம்மாள் மகள் மதிவதனி அன்றிலிருந்து காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

எந்தப் பார்க் என்பதில்தான் அடிதடி. நெடுஞ்சாலையில் இரண்டு இருந்தன. கிழக்கே 'இந்திரலோகம்', புதுசு, வாசலிலேயே முப்பதடி உயர ஐராவதம் தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும். மேற்கே 'சோலைவனம்', அதைவிட மூன்று வருஷம் மூத்தது, பெயின்ட் உதிர்ந்த வாத்து பொம்மை ஒன்று வாசலில் நிற்கும். இரண்டிலும் ராட்டினம் உண்டு, நீச்சல் குளம் உண்டு, மேடும் பள்ளமுமாக ஓடும் குட்டி ரயில் உண்டு. இரண்டுமே சுவர் சுவராக "தமிழ்நாட்டிலேயே முதலிடம்" என்று எழுதிவைத்திருந்தன.

சுற்றுலாக் கமிட்டி இரண்டாகப் பிரிந்து கத்தியது. கடைசியில் பர்சனல் ஆபீசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "கோதண்டம் ரெண்டையும் போய்ப் பார்த்து மார்க் போடட்டும். எது ஜாஸ்தியோ அதுக்குப் போவோம். ஆனா ஒண்ணு. இது நல்லபடியா நடந்தாத்தான் அடுத்த வருஷமும் உண்டு. ஏதாவது தகராறு ஆச்சுன்னா பழையபடி கோயில்தான். கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அதுவும் கிடையாது."

"கோதண்டண்ணன் பாத்தா சரியா இருக்கும்" என்று இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டது அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவி ரத்னாவையும் பத்து வயது மகள் எழிலரசியையும் கூட்டிக்கொண்டு சோலைவனத்துக்குப் போனான். யாருக்கும் சொல்லவில்லை. டிக்கெட் கவுன்ட்டரில் எட்டிப் பார்த்து, "நான் கம்பெனியிலேருந்து வரேன்" என்றான்.

"நாங்களும் கம்பெனிதான் சார். லைன்ல வாங்க" என்றான் உள்ளே இருந்தவன், தலை நிமிராமல்.

அதிலிருந்தே கோதண்டத்துக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. ரயிலுக்கு முப்பத்தைந்து நிமிஷம் வரிசை. தலைக்கு மேல் கீற்றுக் கூரை இருந்தது, வரிசை நெடுகக் குழாய் வைத்த தண்ணீர்ப் பானைகள் இருந்தன. அதையெல்லாம் அவன் கண்டுகொள்ளவில்லை. ரயில் கிளம்பும் முன் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் ஆறு பெட்டிகளிலும் மடிக்குக் குறுக்கே வரும் இரும்புக் கம்பியை இரண்டிரண்டு தடவை உலுக்கிப் பார்த்தாள். ஒன்று சரியாகப் பூட்டவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அதில் இன்னும் பத்து நிமிஷம் போயிற்று.

"இன்னா வேலக்காரங்க இவங்க? சண்டேல கூட்டம் வரும்னு தெரியாது? வேலை ஒழுங்கா நடக்கலை" என்று கோதண்டம் நோட்டில் குறித்துக்கொண்டான். வரிசை: 2 மார்க். மரியாதை: 1.

மறு வாரம் இந்த அவதி வேண்டாம் என்று ஆபீசிலிருந்து இந்திரலோகத்துக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லச் சொன்னான். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தப்பு அந்த போன்தான். அதை அன்றைக்கு அவன் தப்பு என்றே நினைக்கவில்லை.

ஐராவதத்தின் காலடியில் மேனேஜர் கோபால் சஃபாரி உடையில் காத்திருந்தான். ரத்னா கையில் ரோஜாக் கொத்து. எழிலரசிக்குத் தொப்பி. மெயின் கேட்டில் நெரிந்த கூட்டத்துக்குப் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கதவு இருந்தது. அது இவர்களுக்காகத் திறந்தது. ஏசி அறை. ஏலக்காய் மணக்கும் பாதாம் பால். ராட்டினத்துக்கு ஒரு வெள்ளைக் கதவு, நீச்சல் குளத்துக்கு ஒரு வெள்ளைக் கதவு. 'வானவில் ரயிலுக்கு' வந்தபோது முன் பெட்டி காலியாக இவர்களுக்காகவே காத்திருந்தது. சிவப்பு மெத்தை. மடிக்குக் குறுக்கே கம்பியைத் தள்ளினால் 'டக்'கென்று விழுந்து பூட்டிக்கொண்டது. கோதண்டம் அதை உலுக்கிப் பார்த்தான். அசையவில்லை.

"அப்பா, நம்ம கம்பெனி கேஜ் மாதிரி கரெக்டா கீதுப்பா!" என்றாள் எழிலரசி.

"உங்க மாதிரி நுணுக்கமா பாக்குறவங்க வரணும் சார். அப்பத்தான் எங்களுக்கும் பெருமை" என்றான் கோபால்.

கிளம்பும்போது ஒரு பெட்டியை நீட்டினான். ஐராவதம் படம் போட்ட சுவர்க் கடிகாரம். கோதண்டத்தின் கை ஒரு நொடி பின்வாங்கியது. "லஞ்சமெல்லாம் இல்ல சார், வந்த கெஸ்டுக்கு ஒரு ஞாபகார்த்தம்" என்று கோபால் சிரித்ததும் கை முன்னே போயிற்று. பதினாறு வருஷத்தில் ஒரு டீ வாங்காத கை.

அன்று சாயங்காலம் கடிகாரம் மண்ணூர் வீட்டுச் சுவரில் ஏறியது. அதற்கடியில் உட்கார்ந்து அவன் ரிப்போர்ட் எழுதினான். ரத்னா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"வரிசைக்கு பத்துக்குப் பத்தா? நாம வரிசையில நிக்கவே இல்லியே. அப்பறம் எப்டி போடறீங்க?"

"வரிசை இல்லாததாலதான் நிக்கல."

"கேட்டுக்கிட்ட அவ்ளோ ஜனம் நின்னுதே?"

"அதெல்லாம் சொம்மா வேடிக்க பாக்க வந்த கும்பலு. ஒனக்கு இன்னா தெரியும் குவாலிட்டியப் பத்தி?"

ரத்னா ஒரு கல்லைப் பொறுக்கி வாசல் பக்கம் எறிந்தாள். இந்திரலோகம் 92, சோலைவனம் 51 என்று முடித்து, கோதண்டம் தன் கையெழுத்தைப் போட்டான். அதன்கீழே கம்பெனி பழக்கத்தில் 'பாஸ்' என்றும் எழுதினான்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மெஷின்களில் காயும் முன்பே அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நான்கு பஸ். முனியம்மாள் விடியற்காலையே எழுந்து எலுமிச்சம்பழச் சோறு கிளறி, பெரிய தூக்கில் கொண்டு வந்திருந்தாள். மதிவதனி புதுப் பாவாடையில் எழிலரசிக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "தும்பிக்கையிலேர்ந்து நெஜமா தண்ணி வருமா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டாள்.

பஸ்கள் ஐராவதத்தின் முன்னால் நிற்கவில்லை. காவல்காரன் விசில் ஊதிச் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் திருப்பிவிட்டான். அங்கே இரும்புக் கிராதியில் 'கம்பெனி குரூப்' என்று சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது. வெள்ளைக் கதவு எங்கேயும் இல்லை.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு அந்தப் பக்கம் எங்கே போனாலும் பையைத் திறந்து காட்டுவது பழகிப்போயிருந்தது. அதனால் காவல்காரர்கள் பையைத் திறக்கச் சொன்னபோது யாரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் அவர்கள் தேடியது சோற்றை.

"வெளிச் சாப்பாடு நாட் அலவ்ட். தூக்கு இங்கியே இருக்கட்டும், போகும்போது வாங்கிக்கோ."

"ஐயே, கொயந்தைங்களுக்குப்பா! எலுமிச்சங்கா சோறு, பாம் ஒண்ணியும் இல்ல" என்றாள் முனியம்மாள்.

"உள்ள கேன்டீன் கீதும்மா."

நூற்றுக்கணக்கான தூக்குகளும் டப்பாக்களும் வெயிலில் வரிசையாக உட்கார்ந்தன. கோதண்டம் முன்னால் போய், "மேனேஜர் கோபாலக் கூப்பிடு. நான் கோதண்டம்" என்றான்.

"இருக்கட்டும் சார். லைன்ல வாங்க" என்றான் காவல்காரன்.

இதே வார்த்தையை அவன் முன்பே சோலைவனத்தில் கேட்டிருந்தான். அங்கே உள்ளே போனதும் நிழல் இருந்தது. இங்கே, மழைக்கு முந்தைய புழுக்கத்தில், கூரையில்லாத சிமென்ட் தரையில் ராட்டினத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் நின்றார்கள். தண்ணீர்க் குழாயைத் திருகினால் காற்று வந்தது. கேன்டீனில் தண்ணீர் இல்லை, கலர் சோடா மட்டும்தான் இருந்தது. ஏழு கழிப்பறைகளில் ஆறுக்குப் பூட்டு, ஏழாவதற்குக் கதவில்லை. பெண்கள் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு ஒருத்திக்கொருத்தி காவல் நின்றார்கள். நீச்சல் குளத்தில், கம்பெனி ஆட்களுக்கு மூன்று மணிக்கு மேல்தான் என்றார்கள்.

தமிழ்வாணன் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே வந்தான். அவன்தான் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியவன்.

"வரிசை, பத்துக்குப் பத்து. அண்ணே, அந்த பத்துல நாம இப்ப எத்தினியாவது எடத்துல நிக்கறோம்?"

கோதண்டம் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தான்.

"குடிதண்ணி, பத்துக்கு ஒம்போது. அந்த ஒரு மார்க்க எதுக்குண்ணே கொறச்ச? கொழாயில காத்து கொஞ்சம் சூடா வருதுன்னா?"

"வாய மூடிக்கினு வாயேன்டா!"

"மூடிக்கினுதாண்ணே இருக்கணும். தொறந்தா தாகம் எடுக்குது."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கோதண்டத்தை அதிகம் சுட்டது. பிரஸ் ஷாப்பில் தமிழ்வாணன் எதைச் சொன்னாலும் சிரிக்கும் கூட்டம் அது.

அப்போது பக்கத்துத் தடுப்புக்கு அப்பால் வெள்ளைக் கதவு திறந்தது. தொப்பி போட்ட இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் குடைநிழலில் உள்ளே போயிற்று. முன்னால் நடந்தவன் கோபால். எழிலரசி கையை நீட்டினாள். "அப்பா, நம்ம கதவு!"

அந்த 'நம்ம' எத்தனை பேர் காதில் விழுந்தது என்று கோதண்டம் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. ரத்னா மகளின் நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினாள்.

மதியம் தாண்டி ஒருவழியாக வானவில் ரயில் மேடைக்கு வந்து சேர்ந்தார்கள். முன் பெட்டியில் அந்தத் தொப்பிக் குழந்தைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன. கம்பெனிப் பிள்ளைகள் பின்னால் ஐந்து பெட்டிகளுக்கும் ஓடினார்கள். எழிலரசியும் மதிவதனியும் ஐந்தாவது பெட்டியில் ஏறினார்கள். பசியும் தாகமும் மறந்து மதிவதனி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். கீழே முனியம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோதண்டம் பழக்க தோஷத்தில் கையை நீட்டி ஐந்தாவது பெட்டியின் கம்பியை உலுக்கினான்.

கம்பி தூக்கிக்கொண்டு வந்தது.

பூட்டு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. தேய்ந்து வாய் பிளந்த ஓட்டை. அதில் ஒரு நைலான் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். மதிவதனி அந்தக் கயிற்றைத்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்த ஆறாவதிலும் கயிறு. அவன் நான்காவது பெட்டிக்கு ஓடினான். கயிறு. மூன்றாவது. பாதி தேய்ந்த பூட்டு, உலுக்கினால் கழன்றது. இரண்டாவதில் கயிறுகூட இல்லை, கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். முன் பெட்டியில் மட்டும் 'டக்'கென்று பூட்டும் அதே புதுப் பூட்டு. அதே சிவப்பு மெத்தை.

தட்டின் மேல்வரிசை.

"நிறுத்துய்யா! ஓட்டாத!" என்று கத்தினான்.

விசைக் கம்பியைப் பிடித்திருந்த ஆப்பரேட்டர் நடுவயசுக்காரன். களைத்த முகம். "கையால புடிச்சிக்கச் சொல்லு சார், அது போதும். தினமும் இப்டித்தான் ஓடுது."

"இத்த எப்ப மாத்துவாங்க?"

"முன்னாடி பொட்டிக்கு மட்டும்தான் புதுசு வாங்கனாங்க. பெரிய ஆளுங்க யார்னா பாக்க வந்தா அதுலதான குந்துவாங்க" என்றான் ஆப்பரேட்டர், ஒளிவுமறைவே இல்லாமல். "உன்னியக்கூட அதுலதான் குந்த வெச்சோம். ஞாபகம் கீது."

கோதண்டம் தண்டவாளத்தில் இறங்கி ரயிலுக்கு முன்னால் நின்றான். வரிசையில் சலசலப்பு எழுந்தது. பின்னாலிருந்தவர்கள், "இன்னாபா லேட்டு? ஒன்ற மணி நேரமா நிக்கறோம்" என்று கூச்சல் போட்டார்கள். கோபால் வேர்த்து வழிய ஓடிவந்தான். நிலைமை ஒரு பார்வையில் புரிந்ததும் அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"அடடே, கோதண்டம் சாரா! நீங்க வந்ததே எனக்குச் சொல்லலையே. சார், உங்க பொண்ணு எங்க? முன் பெட்டியில உக்கார வைக்கிறேன். நீங்களும் மேடமும் ஏசி ரூமுக்கு வாங்க, பாதாம் பால் சாப்பிடலாம்."

"ஏசி ரூமா?" என்றான் தமிழ்வாணன். அவன் குரலில் கேலி இல்லை.

கோதண்டம் ஐந்தாவது பெட்டியைப் பார்த்தான். எழிலரசி கோபால் சொன்னதைக் கேட்டு எழுந்திருக்கப்போனாள். பாதி எழுந்தவள் பக்கத்தில் பார்த்தாள். கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மதிவதனியைப் பார்த்தாள்.

"அப்ப மதி?" என்றாள்.

கோபால் குரலைத் தாழ்த்தினான். "சார், நீங்களே பார்த்துப் பாஸ் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப மாத்திப் பேசினா உங்க பேர்தான் கெட்டுப்போகும். யோசிச்சுக்குங்க."

கோதண்டம் யோசித்தான். ரொம்ப நேரம் இல்லை. சட்டைப் பைக்குக் கை போயிற்று. சிவப்புச் சாக்குக்கட்டியை எடுத்து இரண்டாவது பெட்டியில் ஒரு பெருக்கல் குறி போட்டான். மூன்றாவதில், நான்காவதில், ஐந்தாவதில், ஆறாவதில். பிறகு மேடையில் ஏறித் தன் ஆட்களைப் பார்த்து நின்றான். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு சின்னவன் அழ ஆரம்பித்தான்.

"இந்த ரயில் ரிஜெக்ட்" என்றான். "ரயில் மட்டும் இல்ல. நான் குடுத்த ரிப்போர்ட்டும் ரிஜெக்ட். நான் வரேன்னு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிட்டு வந்தேன். அந்த வெள்ளக் கதவு வழியா கூட்டிக்கினு போனாங்க. ஏசி ரூம்ல குந்த வெச்சாங்க. ரயில்ல முன் பெட்டி குடுத்தாங்க. போவசொல்ல ஒரு கடியாரம் குடுத்தாங்க, வாங்கிக்கினேன். எங்க வூட்டு செவுத்துல மாட்டிக் கீது. சோலைவனத்துல அம்பத்தொண்ணு மார்க் போட்டனே, அங்க நான் வரிசையில நின்னேன். தண்ணி இருந்துது. நெழல் இருந்துது. ஒரு பொம்பள ஒவ்வொரு பெட்டியா ஆட்டிப் பாத்தா. எனக்கு மரியாத குடுக்கலன்ற கோவத்துல அது எதுவும் கண்ணுக்குத் தெரியல."

யாரும் கைதட்டவில்லை. "நல்லா சொன்னபா" என்று யாரும் தோளைத் தட்டவில்லை. பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கும் ஜனங்களுக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை. வெல்டிங் ஷாப் ஆள் ஒருவன் எச்சிலைக் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தான். மற்றவர்களும் நடந்தார்கள். கோபால் எங்கிருந்தோ 'பராமரிப்பு வேலை' என்ற பலகையைக் கொண்டுவந்து ரயிலுக்கு முன்னால் வைத்தான். தொப்பிக் குழந்தைகள் இறங்கி வெள்ளைக் கதவு வழியாகப் போய்விட்டன.

"இப்பவே சோலைவனம் போலாமா?" என்று தமிழ்வாணன் பஸ் டிரைவர்களைக் கேட்டுப் பார்த்தான். சாயங்காலம் ஐந்துக்குத்தான் வண்டி எடுக்கச் சொல்லி உத்தரவு என்றார்கள். பின்பக்கச் சுவரின் ஓரத்தில், சுவர் தந்த இரண்டடி நிழலில், அத்தனை குடும்பமும் ஒட்டி உட்கார்ந்தது. தூக்குகள் திரும்பக் கிடைத்தன. முனியம்மாள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, அப்படியே மூடிவிட்டாள். வெயிலில் சோறு கெட்டுப்போயிருந்தது.

பஸ் கிளம்பும்போது ஐராவதம் தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மதிவதனி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். உள்ளே குடிக்க ஒரு சொட்டு இல்லை. வாசலில் யானை குளித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பிய கோதண்டம் மணி பார்க்கச் சுவரை நிமிர்ந்து பார்த்தான். ஆணி மட்டும் இருந்தது. கடிகாரம் செய்தித்தாளில் சுற்றி, டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது.

"எல்லாத்தியும் ஒண்ணாவே எடுத்துக்கினு போங்க" என்றாள் ரத்னா.

அவன் கடிகாரத்தைப் பர்சனல் ஆபீசர் மேஜையில் வைத்தான். பக்கத்தில் ராத்திரி எழுதிய புது ரிப்போர்ட்டை வைத்தான். "ரயிலைப் பத்தி கலெக்டர் ஆபீசுக்குப் புகார் எழுதித் தபால்ல போட்டுட்டேன் சார். இது நம்ம கமிட்டிக்கு."

ஆபீசர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தகராறு ஆயிடுச்சேப்பா. நான் அன்னிக்கே சொன்னேன். அடுத்த வருஷம் வல்லக்கோட்டைதான்."

"தப்பு பண்ணது நானு சார். அதுக்கு கான்ட்ராக்ட் ஆளுங்க எதுக்கு சார் வெளிய நிக்கணும்? கமிட்டியிலேர்ந்து என்னைத் தூக்கிடுங்க. அவங்களைத் தூக்காதீங்க."

"பார்க்கலாம்" என்றார் ஆபீசர். அந்த 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று கோதண்டத்துக்குத் தெரியும். ஆனாலும் அவர் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடவில்லை. கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார். அதில் இப்படி இருந்தது: 'அடுத்த முறை பார்த்து வர வேண்டியவர்: முனியம்மாள், கான்ட்ராக்ட். டிக்கெட் வாங்கி வரிசையில் போக வேண்டும். முன்கூட்டித் தகவல் சொல்லக் கூடாது.'

அவன் ரிப்போர்ட்டின் இன்னொரு நகலை நோட்டீஸ் போர்டில் தானே ஒட்டினான். பழைய ரிப்போர்ட்டையும் கிழிக்காமல் பக்கத்திலேயே விட்டு, அதன்மேல், தன் கையெழுத்தின்மேல், சிவப்புச் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டான்.

பிரஸ் ஷாப் வழக்கம்போல இரைந்தது. ஆனால் அவன் மேஜைப் பக்கம் பேச்சில்லை. தமிழ்வாணன்கூடத் தன் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணி வாக்கில் முனியம்மாள் தட்டோடு வந்தாள். நோட்டீஸ் போர்டு வழியாகத்தான் வரவேண்டும். பார்த்துவிட்டுத்தான் வந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. தட்டை 'டங்'கென்று மேஜையில் வைத்தாள்.

"எம் பொண்ணு ராத்திரி முச்சூடும் பேசல, இஸ்பெட்டரே."

"தெரியும் முனிம்மா."

"நீ கடியாரம் வாங்கினது கூட எனக்குப் பெரிசில்ல. எங்கிட்ட பத்து வருசமா தட்டுல அடியில கைய வுட்டுப் பாக்குறியே, அங்க மட்டும் மேலாப்புல பாத்துட்டு வந்துட்டியே, அதான் எனக்கு ஆறல." அவள் குரல் உயர்ந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "நல்லாக் கேட்டுக்கோ. உனக்குன்னு ஒருத்தன் தனியாக் கதவு தொறந்தா, அந்தக் கதவு உன் கண்ணைக் கட்டத்தான் தொறக்குறான். ஓசியில வாங்கினவன் வாயால நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஒரு எடம் நல்ல எடமான்னு வெள்ளக் கதவால போறவனக் கேக்கக் கூடாது. வரிசையில கடேசியா நிக்கறவளக் கேக்கணும். அவளுக்குத் தண்ணி கெடச்சா, அவ புள்ளைக்குப் பூட்டு வுழுந்தா, அப்பதான் அது பாஸு."

கோதண்டம் தலையாட்டினான். "அதத்தான் எழுதிக் கீறேன். நீதான் போகப்போற."

"போறேன். போன் பண்ண மாட்டேன். எனக்கு போன் எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாது."

தமிழ்வாணன் வாயைப் பொத்திக்கொண்டான். முந்தின நாள் முழுக்க வராத சிரிப்பு அங்கங்கே கிளம்பியது.

கோதண்டம் தட்டின் மேல்வரிசையைத் தொடாமல் அடியில் கையை விட்டான். மூன்று வளையங்கள். கேஜில் முதலாவது நுழைந்தது. இரண்டாவது நுழைந்தது. மூன்றாவது பாதியில் நின்றது.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனான்.

"இவ்ளோ பேசனவளுக்கே ரிஜெக்டா?" என்றாள் முனியம்மாள்.

"இவ்ளோ கேட்டதாலதான்" என்று சொல்லிக் கோதண்டம் குறியைப் போட்டான்.